பாராட்டுப் பத்திரம்

“ஐயா, மன்னிக்கணும். மீதியை அரசாங்க மொழியில வாசிங்க.”

பைண்டர் எழுந்து இப்படிச் சொன்னதும் கூட்டம் கொதித்தது. ஆளாளுக்கு ஆரம்பித்தார்கள்.

“என்ன திமிரு பாரு!”

“உள்ளே வெச்சு மனசை மாத்தி அனுப்பிட்டாங்கப்பா.”

“எந்தக் கூட்டத்துல வந்து எந்த மொழியைக் கேக்குறது?”

கோபத்திலும் குரலை அடக்கித்தான் பேசினார்கள். அது அச்சகத்தின் காகிதக் கிடங்கு. ஜன்னல்களைச் சாத்தியிருந்தார்கள். அவர்களுடைய மொழியில் கூட்டம் போட்டால் மூன்று வருஷம் சிறை. அச்சகக்காரரே வாசலில் காவலுக்கு நின்றார்.

அடுக்கிய காகிதக் கட்டுகளின் மேல் நின்றிருந்த தலைவருக்கு முகம் சிவந்துவிட்டது. முப்பது வருஷம் அந்த மொழிக்கு இலக்கணம் சொல்லிக் கொடுத்த வாத்தியார் அவர். பள்ளிக்கூடத்தை இழுத்து மூடி அரசாங்கம் அவரை வீட்டுக்கு அனுப்பியிருந்தது. பாராட்டுப் பத்திரத்தை நாலு தடவை அடித்துத் திருத்தி அவரே எழுதியிருந்தார்.

பத்திரம் பைண்டருக்குத்தான். அவள் திருநங்கை. வீட்டை விட்டு வந்த நாளிலிருந்து அந்த அச்சகத்தில்தான் புத்தகம் தைக்கிறாள்.

பள்ளிகளில் இருந்த அரிச்சுவடிகளை அரசாங்கம் அள்ளிக்கொண்டு போனபோது, புதிதாக அச்சடித்ததையெல்லாம் ‘மோட்டார் பழுது பார்ப்பது எப்படி?’ என்ற அட்டைக்குள் வைத்துத் தைத்துக் கொடுத்தாள். நானூறு பிள்ளைகள் அதில்தான் எழுத்துக் கற்றார்கள்.

ஒருநாள் பிடித்துக்கொண்டு போனார்கள். யார் யாருக்குக் கொடுத்தாய் என்று அடித்தார்கள். ஊசி பிடிக்கிற கையில் இரண்டு விரல் உடைந்தது. ஒரு பெயர்கூட அவள் வாயிலிருந்து வரவில்லை. வந்திருந்தால் அன்றைக்குக் கிடங்கில் பாதிப் பேர் உட்கார்ந்திருக்க முடியாது. தலைவரும்தான்.

கோர்ட்டில், “அரசாங்க மொழியில் பதில் சொல்” என்றார் நீதிபதி. அந்த மொழி அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனாலும் கேட்ட மூன்று தடவையும் தன் மொழியிலேயே பதில் சொன்னாள். ஆறு மாசத் தண்டனை ஒரு வருஷமாயிற்று. அதுவும் அவளை ஆண்கள் சிறையில் போட்டார்கள்.

முந்தின நாள்தான் வெளியே வந்திருந்தாள்.

தலைவர் பிரமாதமாகத்தான் ஆரம்பித்தார்.

“இவன் யார்? அஞ்சா நெஞ்சன்! அடித்தார்களே, அழுதானா? கேட்டார்களே, காட்டிக் கொடுத்தானா? மொழிக்காக ஒரு வருடம் சிறையில் கிடந்தான்! இவனல்லவா நம் இனத்தின் தலைமகன்!”

ஒவ்வொரு வரிக்கும் கைதட்டல். முன்வரிசையில் சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

அந்த நேரத்தில்தான் அவள் எழுந்து அப்படிக் கேட்டது.

தலைவர் காகிதக் கட்டுகளிலிருந்து இறங்கி அவள் பக்கத்தில் வந்தார்.

“ஏன்டா தம்பி, உனக்கென்ன கிறுக்கா பிடிச்சிருக்கு? அந்த மொழியில ஒரு வார்த்தை பேச மாட்டேன்னுதானே கோர்ட்ல அடம் பிடிச்சே?”

“ஆமாங்க ஐயா.”

“உன் விரலை ஒடிச்சவன் மொழிடா அது!”

“தெரியும் ஐயா. திட்டிக்கிட்டே ஒடிச்சான். எல்லாம் அந்த மொழியிலதான்.”

“அப்புறம்? நம்ம மொழி உனக்கு என்ன குறை வெச்சது?”

“மொழி ஒரு குறையும் வெக்கலைங்க.”

அவர் கையிலிருந்த பத்திரத்தைக் காட்டினாள்.

“‘ன்’ போட்ட இடத்துலயெல்லாம் ‘ள்’ போடுங்க ஐயான்னு நேத்து நீங்க பத்திரத்தைக் காட்டினப்பவே உங்க வீட்டு வாசல்ல நின்னு கேட்டேன். ‘முதல்ல மொழி பிழைக்கட்டும், உன் சங்கதியை அப்புறம் பாத்துக்கலாம்’னு சொல்லிக் கதவைச் சாத்திட்டீங்க.”

பின்வரிசையில் யாரோ, “அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?” என்றார்.

அவள் அந்தப் பக்கம் திரும்பிச் சொன்னாள்.

“அந்த மொழியில ‘அவன்’, ‘அவள்’ ரெண்டுக்கும் ஒரே வார்த்தைதாங்க.”