அம்மா தூங்குறாங்க

ரப்பர்த் தோட்டத்தில் பால்வெட்டு நின்றுபோனதும் திலகவதி, ஆயர் கெரோ நகரில் ஒரு தொழிற்சாலையில் இரவு ஷிப்டுக்குச் சேர்ந்தாள். காலையில் கம்பெனி பஸ் அவளைத் தெருமுனையில் இறக்கிவிடும். பகல் ஷிப்டுக்குப் போகும் அவள் கணவன் மருதமுத்து அதே பஸ்ஸில் ஏறுவான்.

ஜன்னலில் கம்பளியைக் கட்டிவிட்டுப் படுத்தாலும் அவளுக்குத் தூக்கம் பிடிக்காது. ரொட்டிக்காரர் ஹார்ன் அடித்தாலே விழித்துக்கொள்வாள். அதனால் மகள் தாரணியை வாசலில் உட்காரவைத்து, யார் வந்தாலும் உதட்டில் விரல் வைத்துத் தடுக்கப் பழக்கியிருந்தாள். ஐந்து வயதுப் பிள்ளை ஒருவரையும் உள்ளே விட்டதில்லை.

அன்று காலை அது திலகவதியையே மறித்தது.

"சத்தம் போடாதீங்க ஆண்ட்டி. அம்மா தூங்குறாங்க."

"ஏய், நான்தாண்டி உங்கம்மா. விளையாடாத லா, அசதியா இருக்கு."

பிள்ளை உதட்டிலிருந்து விரலை எடுக்கவில்லை.

திலகவதி பிள்ளையை விலக்கிவிட்டுப் போய் அறைக்கதவைத் திறந்தாள். மெத்தையில் அவளுடைய பழைய கைலியைக் கட்டிக்கொண்டு, அவள் முகத்தோடு ஒருத்தி படுத்திருந்தாள். வாய் லேசாகத் திறந்திருக்க, எச்சில் தலையணையில் வழிய, அடித்துப்போட்டதுபோல் தூங்கிக்கொண்டிருந்தாள். திலகவதி அப்படித் தூங்கி வருஷக்கணக்காகிறது.

எழுப்பக் கையை நீட்டினாள். மனம் வரவில்லை. விலகிக் கிடந்த போர்வையை இழுத்துவிட்டு, கதவை மெதுவாகச் சாத்தினாள்.

வெளியே ரொட்டிக்காரரின் மோட்டார் சைக்கிள் நெருங்கியது. திலகவதி வாசலுக்கு ஓடி, மகள் பக்கத்தில் நின்று, உதட்டில் விரல் வைத்தாள்.