மகனின் சம்மதம்

மகன் வாயால் சம்மதம் சொல்லாமல் சன்னியாசக் காஷாயம் தர மாட்டேன் என்று மடத்து சுவாமிகள் சொல்லிவிட்டதால், அம்மா போன பிறகு மூன்று வருஷமாக ஒவ்வொரு ஏகாதசிக்கும் அப்பா கௌசிக்கைப் போனில் கூப்பிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். அவனும் ஒவ்வொரு தடவையும் மாட்டேன் என்றான். இன்று அவர் கூப்பிட்டபோது, வெளிநாட்டுக் கிடங்கில் பத்து மணி நேரம் பெட்டி தூக்கிவிட்டு அவன் பனியில் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தான்.

"எனக்கு நானே சிராத்தம் பண்ணிண்டு, பிண்டமும் வெச்சுடுவேன்டா. பூணூலை ஆத்துத் தண்ணில விட்டா முடிஞ்சுது. உனக்கு ஒரு சிரமமும் இல்லை."

"அப்போ நான் எதுக்குப்பா இருக்கேன்? அதுக்கப்புறம் உங்களை அப்பான்னு கூப்பிடலாமா?"

"கூப்பிடப்படாது. சன்னியாசிக்குப் பிள்ளை ஏது?"

"ரெண்டு காபி குடிக்காம எழுந்துக்கவே மாட்டேள். நீங்க துறக்கப் போறேளாக்கும்!"

"காபியை விட்டாச்சு" என்றார் அப்பா. "நீதான் விட மாட்டேங்கறே."

பஸ் வரவில்லை. விரல்கள் மரத்துப்போயிருந்தன. இதே சண்டையை மறுபடி முதலிலிருந்து போட கௌசிக்கிடம் தெம்பு இல்லை.

"சரிப்பா. எனக்குச் சம்மதம்" என்றான்.

லைன் போய்விட்டதோ என்று போனைப் பார்த்தான். திரையில் 'அப்பா' என்றுதான் இருந்தது. விநாடிகள் ஓடிக்கொண்டிருந்தன.

"என்னடா," என்றார் அப்பா, "இவ்வளவு சீக்கிரமா சொல்லிட்டே?"