ஐந்து மணிக்குள்

தூணில் பெயின்ட் இன்னும் காயவில்லை.

தொட்டி சுத்தம் செய்த நாள் என்று எழுதியிருந்தது. கீழே இன்றைய தேதி.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். மேல்நிலைத் தொட்டியின் ஏணியில் கீழே ஏழு படிகள் இல்லை. போன வருஷமே துருப்பிடித்து உதிர்ந்துவிட்டன. மிச்ச ஏணி ஆளுயரத்துக்கு மேலே தொங்கியது.

"யாரு ஏறினது?"

மோட்டார் போடும் சடையன் பிரஷ்ஷைத் துணியில் துடைத்தான்.

"எனக்கென்ன றெக்கையா இருக்கு, அக்கா? எழுதச் சொன்னாங்க. எழுதினேன்."

ஆடியில் குழாயில் புழு வந்தது. மூன்று மனு கொடுத்தாள். ஒன்றுக்கும் பதில் இல்லை. இப்போது மகள் மஞ்சள் காமாலையோடு அரசு ஆஸ்பத்திரியில். பக்கத்துக் கட்டில்காரியிடம் அவளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, மாற்றுத்துணி எடுக்க ஊருக்கு வந்தாள்.

தெருவில் இன்னும் அதே தண்ணீரைத்தான் பிடிக்கிறார்கள்.

ஊராட்சி செயலர் செல்போனை உயர்த்தினார். மாத அறிக்கையோடு இந்தத் தேதியின் படமும் ஐந்து மணிக்குள் போக வேண்டும். இதுவரை ஒருமுறைகூடத் தாமதமானதில்லை. அதற்கு வாங்கிய பாராட்டுச் சான்றிதழைக் கண்ணாடி போட்டு அலுவலகத்தில் மாட்டியிருக்கிறார்.

"கொஞ்சம் தள்ளி நில்லும்மா. தேதி மறையுது."

அவள் துணிப்பையைக் கீழே வைத்தாள்.

தூணில் முதுகைச் சாய்த்து நின்றாள்.

ஈரம் ரவிக்கையில் ஊறியது.

செயலர் இடப்பக்கம் போனார். வலப்பக்கம் வந்தார். எங்கிருந்து பார்த்தாலும் அவள்தான் தெரிந்தாள்.

"பஸ்ஸு போயிடும்மா. ஆஸ்பத்திரியில பாப்பா தனியா கெடக்குமில்ல?"

அப்படியானால் இவருக்குத் தெரிந்திருக்கிறது.

அவள் முதுகை இன்னும் அழுத்திச் சாய்ந்தாள்.

நாலரை பஸ் ஹாரன் அடித்துவிட்டுப் போனது. அவள் கண்ணை மட்டும் மூடித் திறந்தாள்.

சடையன் பெயின்ட் டப்பாவை மூடினான். மூடியை அழுத்தி அழுத்தி மூடினான்.

"இன்னொரு தூண்ல எழுதுடா."

"பெயின்ட் தீந்துடுச்சு, சார்."

டப்பா கனமாகத்தான் இருந்தது.

ஐந்து மணி நான்கு நிமிஷம். செயலரின் போன் அடித்தது. ஒன்றியத்து ஆபீஸ்.

புழுவுக்கு அடிக்காத போன். காமாலைக்கு அடிக்காத போன்.

"சார்... இதோ அனுப்பிடறேன் சார்... இல்ல சார், இங்க ஒரு பொம்பள..."

அவள் கையை நீட்டினாள்.

"குடுங்க. ஏன் லேட்டுன்னு நான் சொல்றேன்."