லாக்கரில் இருந்த ராஜ்யம்

"தம்பி, முதல்ல அந்தக் கதவைச் சாத்துங்க. நான் இங்க வந்தது யாருக்கும் தெரியக்கூடாது."

கம்ப்யூட்டர் மெக்கானிக் கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரை வைத்துவிட்டு எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். கண்ணாடிக் கதவு என்பதால் சாத்தியும் பெரிய பயன் இல்லை.

அந்த அம்மாளுக்கு அறுபதை ஒட்டிய வயது. கைப்பையிலிருந்து சிவப்பு வெல்வெட் பை ஒன்றை எடுத்து அதன் நாடாவை அவிழ்த்தார். நெக்லஸ் வரும் என்று பார்த்தால் ஒரு சிடி வந்தது.

"நேரா பேங்க்லேர்ந்து வர்றேன். இருபத்திரண்டு வருஷமா இது என் நகையோட லாக்கர்ல இருந்தது."

மெக்கானிக் சிடியை விளிம்பில் பிடித்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். ஒரு கீறல் இல்லை. மேலே கோட்டை, குதிரை வீரர்கள், தீ அம்புகள். ராஜ்யம் கட்டிப் போர் செய்யும் அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர் விளையாட்டு.

"விளையாட்டு சிடியைப் போய் லாக்கர்லயாம்மா?"

"இது விளையாட்டா? என் சக்களத்தி!" அம்மாள் குரலைத் தாழ்த்தினார். "ஒருநாள் பொண்ணை ஸ்கூல்லேர்ந்து கூட்டிட்டு வரச் சொன்னேன். சாயங்காலம் நான் ஆபீஸ்லேர்ந்து வந்து பார்த்தா, என் வீட்டுக்காரர் உட்கார்ந்து மதில் கட்டிட்டிருக்கார். குழந்தை ஸ்கூல்ல வாட்ச்மேன் பக்கத்துல நின்னு அழுதுட்டிருக்கு. கேட்டா, 'எதிரி வாசல்ல நிக்கிறான், எப்படி எழுந்து வர்றது'ங்கிறார்! மறுநாளே பிடுங்கிட்டுப் போய் லாக்கர்ல போட்டுட்டேன். சாவி என்கிட்டதான்."

"சார் ஒண்ணும் சொல்லலையா?"

"வாயே திறக்கலை. தப்பு அவர் மேலதானே?"

"அப்புறம் இப்ப எதுக்கு..."

அம்மாள் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். "ரிட்டையர் ஆயிட்டார் தம்பி."

வீட்டுக்காரர் பெரிய சரக்குக் கிடங்கு ஒன்றில் மேலாளராக இருந்தவர். இப்போது அவருக்குக் கிடைத்திருக்கும் ஒரே கிடங்கு சமையலறைதான்.

"டப்பாவையெல்லாம் அகர வரிசையில அடுக்கினார். அரிசி, இஞ்சி, உப்பு. சரி, தொலையட்டும்னு பழகிக்கிட்டேன். அடுத்த மாசம் உயரப்படி மாத்தினார். இப்ப எடைப்படி! தராசோட நிக்கிறார் தம்பி. நேத்து குக்கர் முன்னாடி கடிகாரத்தைப் பிடிச்சுக்கிட்டு, 'மூணாவது விசில் நாலு செகண்ட் தாமதம், என்ன காரணம்'னு என்கிட்ட விளக்கம் கேட்கிறார். நான் கரண்டியைத் தூக்கிட்டேன்."

"அடிக்கவா?"

"கிளறத்தான். ஆனா ஒரு நொடி யோசிச்சேன்."

மெக்கானிக் இருமிச் சமாளித்தார்.

"மனுஷன் மறுபடி அந்த ராஜ்யத்துக்கே போய்ச் சேரட்டும். பொண்ணு புது லேப்டாப் அனுப்பியிருக்கா." தோளில் மாட்டியிருந்த உறையிலிருந்து லேப்டாப்பை எடுத்து மேசையில் வைத்தார். "இதுல ஓடுமா?"

"இதுல சிடி போட வாயே இல்லையேம்மா." மெக்கானிக் வெளியிலிருந்து ஒரு சிடி பெட்டியை லேப்டாப்போடு இணைத்தார். திரை கறுத்தது, சிணுங்கியது, மூடிக்கொண்டது. "இவ்வளவு பழசு இதுக்கு ஜீரணமாகாது. லேப்டாப் உள்ளேயே ஒரு பழைய கம்ப்யூட்டரைக் குடி வைக்கணும்."

"உள்ளேயா?"

"மாடிப் போர்ஷனை வாடகைக்கு விடற மாதிரி. அவங்க சமையல் தனி, நம்ம சமையல் தனி."

"எங்க வீட்டுக்கும் அதைத்தானே தம்பி கேட்கிறேன்!"

கால் மணி நேரம் தட்டிவிட்டு மெக்கானிக் மறுபடி ஓடவிட்டார். கடல் ரோஜா நிறத்தில் இருந்தது. ராஜாவின் முகம் பச்சை. பள்ளிக்கூடத்தில் கடைசி மணி அடித்தாற்போலக் குடிமக்கள் தலைதெறிக்க ஓடினார்கள். அரை நிமிடத்துக்குள் விதைத்து, அறுத்து, பஞ்சம் வந்து, எதிரியும் வந்து ஊரையே கொளுத்திவிட்டுப் போய்விட்டான்.

"ஐயையோ!"

"பயப்படாதீங்க. அந்தக் காலத்து மெஷின் வேகத்துக்குச் செஞ்சது. இதுக்குக் கடிவாளம் போட்டாச் சரியாயிடும்."

நிறத்தைத் திருத்தினார். வேகத்தைப் படிப்படியாகக் குறைத்தார். மூன்றாவது முறை கடல் நீலமானது. எங்கோ தொலைவில் கொம்பு ஊதும் ஓசை கேட்டது.

அம்மாள் சட்டென்று நிமிர்ந்தார்.

"இதே சத்தம்தான். அவர் பாட்டுக்கு விளையாடுவார், நான் பக்கத்துல தட்டை வச்சுக்கிட்டு ஊட்டி விடுவேன். திட்டிக்கிட்டேதான் ஊட்டுவேன்." திரைப் பக்கம் குனிந்தார். "அந்த ஓரத்துல ஒருத்தன் சும்மா நிக்கிறானே, யாரு?"

"விறகு வெட்டுறவன்மா."

"சும்மா நிக்கிறதுக்கா சோறு? ஏதாவது வேலையைக் கொடுங்க."

மெக்கானிக் கொடுத்தார். அம்மாளுக்கு நிம்மதி.

லேப்டாப்பை உறையில் போட்டுக்கொண்டு எழுந்தவர் வாசலில் நின்று திரும்பினார்.

"ஒரு விஷயம். நான் தோத்துப் போய் இதை எடுத்துக் கொடுத்தேன்னு அவர் நினைச்சிடக் கூடாது. பொண்ணு அனுப்பும்போதே இதுல இருந்ததுன்னு சொல்லப் போறேன். நீங்க எங்கயாவது அவரைப் பார்த்தாக்கூட மூச்சு விடாதீங்க."

"விடவே மாட்டேன்மா."

அம்மாள் தெருமுனையில் திரும்பும்வரை மெக்கானிக் கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு போனை எடுத்தார்.

"சார், கோட்டை விழுந்துடுச்சு! ஆறு மாசத்துக்கு முன்னாடி நம்ம கடையில உட்கார்ந்து நீங்க போட்ட திட்டப்படியே, அம்மா அவங்க கையாலயே லாக்கரைத் திறந்துட்டாங்க."

மறுமுனையில் நீண்ட பெருமூச்சு.

"நல்லவேளை தம்பி! இன்னும் ஒரு வாரம் அவ தாக்குப் பிடிச்சிருந்தா, டப்பா தூக்கித் தூக்கி இடுப்பு ஒடிஞ்சு நான் சரணடைஞ்சிருப்பேன்."