வருஷத்துக்கு எத்தனை சாவு?

“கிராணியாரே, வருஷத்துக்கு எத்தனை சாவு விழுந்தா எனக்குக் கட்டுப்படியாகும்? கொஞ்சம் கணக்குப் போட்டுச் சொல்லுங்க.”

கேட்டவர் பழனியாண்டி. மலாயாவில் பீடோங் பக்கத்து ரப்பர்த் தோட்டங்களில் சாவு விழுந்தால் சங்கு ஊதுகிறவர். ஜப்பான்காரன் வந்து பால்வெட்டு நின்றபின் அந்தச் சங்குதான் அவருக்குச் சோறு போட்டது.

தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி அழகேசனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. வராதா பின்னே?

“சீ! மனுசனாய்யா நீ? எவன் சாவான்னு உலை வச்சிட்டு உக்காந்திருக்கியா?”

“வயித்துக்கு அதெல்லாம் தெரியுதுங்களா? வீட்ல நானும் மவனும். வருஷத்துக்கு நூறு காத்தி அரிசியாவது வேணும். மிச்சத்துக்கு மரவள்ளி இருக்கு. சாவுக்கு ரெண்டு காத்தி குடுக்குறாங்க.”

“அம்பது சாவு!” பல்லைக் கடித்தார் கிராணி.

“ஆத்தாடி! செமிலிங், சுங்கை லாலாங்னு அலைஞ்சும் போன வருஷம் பத்துகூடத் தேறலையே! வாலிபப் பசங்க எல்லாம் சயாமுக்கு ரயில் பாதை போடப் போயிட்டானுங்க. தோட்டத்துல ஆளே இல்ல, அப்புறம் சாவு எங்க விழும்?”

“வாயைக் கழுவுய்யா! பிணத்தை எண்ணிப் பொழைக்கிறதும் ஒரு பொழப்பா? உன் மவன் முருகையாவை நாளைக்கு லாரியில ஏத்து. சயாம்ல நல்ல சம்பளம். முன்பணமா பத்து காத்தி அரிசி இப்பவே நான் தர்றேன்.”

அரிசி என்றாலே அழுகை வருகிற காலம். பழனியாண்டிக்குக் கண் கலங்கிவிட்டது.

“ஒத்தைப் பிள்ளைங்க. திரும்பி வந்துடுவானுல்ல?”

“மூணே மாசம்லா! நான் சொல்றேன்ல?”

“நீங்க நல்லா இருக்கணும், கிராணியாரே!”

அரிசியைத் துண்டில் முடிந்துகொண்டு, வழியெல்லாம் கிராணியை வாழ்த்திக்கொண்டே போனார்.

உள்ளேயிருந்து கிராணியின் மனைவி குணவதி வந்தாள்.

“ஏங்க, சயாமுக்குப் போனவன் ஒருத்தனும் திரும்பலையே. அங்க கொத்துக் கொத்தா சாகுறானுங்கன்னு நீங்கதானே சொன்னீங்க? பாவம்ங்க அந்த மனுசன்!”

“பாவம் பார்த்தா ஆகுமா? தலைக்கு அரை மூட்டை அரிசி தர்றான் ஜப்பான்காரன். வருஷக் கடைசிக்குள்ள சுங்கைப்பட்டாணியில கடை எடுக்கணும்னா இன்னும் ஏழு தலை வேணும். உன் சொந்தத்துல யாராவது இருந்தா சொல்லு.”