படகுல யார் மணல் போட்டது?

“இன்னைக்கும் மணல்!”

நோலீன் போட்ட கத்தலில் கூரைமேல் இருந்த கடற்காக்கைகள் எல்லாம் பறந்து போயின.

வாசலில் டிரெய்லர் மேல் அவள் கணவன் கிளைவின் மீன்பிடிப் படகு. நேற்றுதான் பல் தேய்க்கிற பிரஷ்ஷால் இண்டு இடுக்கெல்லாம் தேய்த்துக் கழுவியிருந்தான். கட்டிக்கொண்ட நாளிலிருந்து ஒரு தட்டு கழுவாத மனுஷன்! இப்போது படகுக்குள் மறுபடியும் மணல், காய்ந்த பாசி.

அடுத்த வாரம் இந்தக் கடலோர ஊர் ஓபோடிக்கியை விட்டு ஆஸ்திரேலியாவிலுள்ள பெர்த்துக்குக் குடிபோகிறார்கள். அங்கே இருக்கும் மகளுக்கு இரட்டைப் பெண் குழந்தைகள். படகும் கன்டெய்னரில் வந்தாக வேண்டும் என்று கிளைவ் ஊரெல்லாம் சொல்லிவிட்டான். நோலீனுக்கும் அதுதான் நல்லது. படகில்லாத கிளைவ் நாள் முழுக்கச் சமையலறையில் நின்று அவளுக்கு யோசனை சொல்வான்.

ஆனால் ஆஸ்திரேலியாக்காரர்கள் இந்த விஷயத்தில் பொல்லாதவர்கள். வெளிமண், பாசி, விதை எதுவும் உள்ளே வரக்கூடாது. கப்பல் கம்பெனி சோதனைக்காரர் இந்த வாரம் எந்த நாளும் வரலாம். ஒரு சிட்டிகை மண் இருந்தாலும் படகு இங்கேயே நின்றுவிடும்.

“இது ராவிரி வேலைதான்,” என்றாள்.

“சேச்சே. காத்துல வந்திருக்கும்,” என்றான் கிளைவ்.

“காத்து வந்து தார்ப்பாயை அவுத்து, மணலைக் கொட்டி, மறுபடி கட்டிட்டுப் போச்சாக்கும்?”

ராவிரி பக்கத்து வீட்டுக்காரன், கிளைவின் மீன்பிடிக் கூட்டாளி. அவன் படகைப் போன வருஷம் வெள்ளம் கொண்டுபோய்விட்டது. அதிலிருந்து கிளைவ் படகில்தான் போகிறான். சும்மா ஏறமாட்டான், ரொம்ப ரோஷக்காரன். மறுநாளே ஒரு மூட்டை சர்க்கரைவள்ளிக் கிழங்கைக் கொண்டுவந்து இறக்கிவிடுவான்.

வேலிக்கு மேலே அவன் தலை தெரிந்தது.

“என்ன தங்கச்சி, காலங்காத்தால சாமியாடுற?”

“படகுல யாரோ மணல் போட்டிருக்காங்க.”

“அடப்பாவமே! மச்சி, நீ தேய்க்கிற தேய்ப்புல படகுல ஓட்டை விழப்போகுதுடா. சோதனைக்காரன் வர்றதுக்குள்ள முங்கிடப்போகுது.”

சிரித்துக்கொண்டே போய்விட்டான். நோலீனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. படகு நின்றுபோனால் யாருக்கு லாபம்? இதுகூடவா தெரியாது!

மறுநாள் விடிந்தும் விடியாததுமாகத் துடைப்பத்தோடு துணி துவைக்கும் அறை ஜன்னலில் காவல் நின்றாள். தார்ப்பாய் அசைந்தது. ஓர் உருவம் குனிந்திருந்தது.

“ராவிரி! கையும் களவுமா மாட்டினியா!” என்று வெளியே பாய்ந்தாள்.

உருவம் திரும்பியது. பைஜாமாவில் கிளைவ். கையில் ஒரு வாளி மணல்.

“கத்தாதே! அவன் காதுல விழப்போகுது.”

“புத்தி கெட்டுப்போச்சா உனக்கு? நீயே கழுவுற, நீயே கொட்டுற!”

“கழுவுறது ராவிரி பாக்குறதுக்கு. கொட்டுறது சோதனைக்காரன் பாக்குறதுக்கு.”

நோலீன் ஓங்கிய துடைப்பத்தை இறக்கினாள்.

“போன மாசம் படகை நீயே வச்சுக்கடான்னேன். ‘நான் என்ன பிச்சைக்காரனா’ன்னு ஒரு வாரம் என்கூடப் பேச்சையே நிறுத்திட்டான். அந்த வீட்டுல எத்தனை வாயி! கடலுக்குப் போகாம எதைத் திங்கும்? அதான், ‘ஆஸ்திரேலியாவுக்கு ஏத்த மாட்டேன்னுட்டான்டா, இந்தச் சனியனை என் தலையிலேர்ந்து இறக்கு’ன்னு கெஞ்சப்போறேன். என்னைத் திட்டிக்கிட்டே எடுத்துக்குவான்.”

“அப்போ உனக்குப் படகு?”

“பேத்திங்க ரெண்டு பேர் இருக்காங்களே.” படகின் விளிம்பைத் தடவிக்கொண்டான்.

நோலீனுக்கு வெட்கமாகப் போய்விட்டது. ராவிரியை என்னவெல்லாம் நினைத்துவிட்டாள்! படகுக்குள் எட்டிப் பார்த்தாள். பிறகு கிளைவை ஏற இறங்கப் பார்த்தாள்.

“உருப்படியா ஒரு வேலை செய்யத் தெரியுதா உனக்கு? இத்துனூண்டு மணலை அந்த ஆளு ஊதித் தள்ளிட்டுப் படகை ஏத்திடுவான். தள்ளு, நான் பாத்துக்கிறேன்,” என்று வாளியைப் பிடுங்கிக்கொண்டு, எச்சம் அள்ளக் கோழிக்கூண்டுப் பக்கம் நடந்தாள்.