வெறும் சட்டை

"அம்மாவ அறுக்கக் குடுத்துட்டு நீ நிம்மதியா பள்ளிக்கூடம் போயிருவ. அப்படித்தானே?"

சசிக்குமார் கத்திய கத்தலில், வார்டுக்கு வெளியே வாங்கில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

தங்கை நிரஞ்சனியின் முகத்தில் ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. அதைப் பார்க்கப் பார்க்க அவனுக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது.

அலுவிகாரையில் பாதையைக் கடக்கும்போது மோட்டார் சைக்கிள் மோதி விழுந்தவள் அம்மா நல்லம்மா. இப்போது மெஷின்தான் அவளுக்காக மூச்சு விடுகிறது. மூளை செத்துவிட்டது, இனித் திரும்பாது என்று சோதித்த டொக்டர்மார் சொல்லிவிட்டார்கள். கண்டியில் சிறுநீரகத்துக்காக இரண்டு பேர் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கிடக்கிறார்கள், பிள்ளைகள் சம்மதித்தால் நல்லது என்று டொக்டர் இப்ஹாம் தயங்கித் தயங்கிக் கேட்டார். நிரஞ்சனி உடனே சரி என்றாள். ஒரு நிமிஷம் யோசிக்கக்கூட இல்லை!

"கையத் தொட்டுப் பாருடி. சூடா இருக்கு. நெஞ்சு ஏறி எறங்குது. அம்மா உள்ளதான் இருக்காங்க!"

"இல்லண்ணே. மெஷின நிப்பாட்டினா அதுவும் நிக்கும். அம்மா போயிட்டாங்க."

"எங்க போயிட்டாங்க?"

"எங்கயும் போகல. மூளை நின்னா நினைப்பும் நிக்கும். அவ்வளவுதான்."

இந்தச் சண்டை இன்று நேற்று வந்ததல்ல. நிரஞ்சனி உயர்தர வகுப்புக்குப் பௌதிகவியல் படிப்பிக்கிறவள். சசிக்குமார் மாத்தளை டவுனில் ஒரு மாடியை வாடகைக்கு எடுத்து 'குவாண்டம் தியானம்' நடத்துகிறவன். ஒருவர் பார்க்கும்வரை அணுவுக்கே தான் எங்கே இருக்கிறோம் என்று தெரியாது, ஆகவே பார்க்கிற பிரக்ஞைதான் உலகத்துக்கே மூலம் என்று அவன் பேச ஆரம்பித்தால் கூட்டம் கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டும். வீட்டில் தங்கை மட்டும் ஆட்டமாட்டாள். "அளக்கிற கருவிக்கும் பிரக்ஞை இருக்கா அண்ணே?" என்று மடக்குவாள். அணுவில் தொடங்குகிற பேச்சு அடிதடிக்குப் போகும்.

"சோறு ஆறுது, தின்னுங்க ரெண்டு பேரும்," என்பாள் அம்மா. "நான் செத்த பொறகு வந்து சொல்றேன், யாரு சரின்னு."

இப்போது யார் வந்து சொல்வது?

"மூளையில இருக்கிற நுண்ணிய குழாய்க்குள்ள குவாண்டம் அலை இருக்குடி. அது கலையல. இந்த டொக்டர்மாருக்கு அத அளக்கத் தெரியுமா?"

"சூடான மூளையில அந்த அலை கண் இமைக்கிற நேரம்கூடத் தாங்காது. சும்மா கதை விடாதீங்க." நிரஞ்சனியும் குரலை உயர்த்தினாள். "அதோட, மேடையில நீங்க என்னா சொல்றீங்க? உடம்பு வெறும் சட்டை, பிரக்ஞைக்குச் சாவே இல்லன்னு சொல்றீங்களே. சட்டையக் குடுக்க ஏன் இப்படிக் குதிக்கிறீங்க?"

"அது வேற. இது அம்மா!"

"ஓ, ஊருக்குத்தான் உபதேசமா?"

வாங்கில் இருந்த பிரவீனா சட்டென்று தலையைக் குனிந்துகொண்டாள். அவள் அவனுடைய தியான வகுப்புக்கு வருகிறவள். அதைக் கண்டதும் சசிக்குமாருக்குக் கோபம் தலைக்கேறியது.

"நாளைக்கி சவப்பொட்டிய சுத்தி நிக்கிற சனத்துக்கு நான் என்னா பதில் சொல்ல? பெத்தவள கூறு போட்டுக் குடுத்துட்டான்னு பேசமாட்டாங்க? என் மூஞ்சிய எங்க கொண்டு வைக்க?"

"அங்க ரெண்டு குடும்பம் அழுதுகிட்டு நிக்கிது. உங்களுக்கு உங்க மூஞ்சி!"

"நீ மனுஷியே இல்லடி! கல்லு. உனக்கு அம்மாவும் ஒண்ணு, லேப்ல கெடக்கிற பெட்டரியும் ஒண்ணு."

நிரஞ்சனி வார்டுக் கதவுப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"செய். உன் இஷ்டம்போல செய். ஆனா இன்னையோட எனக்குத் தங்கச்சின்னு ஒருத்தி இல்ல!"

டொக்டர் நீட்டிய சம்மதப் பத்திரத்தில், தாளே கிழிகிற மாதிரிக் கையெழுத்தை இழுத்துவிட்டு விறுவிறுவென்று படியிறங்கினான். வாசலுக்குப் போன பிறகுதான் ஹெல்மெட்டை மேலே விட்டுவந்தது ஞாபகம் வந்தது. அதற்கும் தங்கையையே திட்டிக்கொண்டு திரும்பி ஏறினான்.

வார்டுக் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே அம்மாவின் கையை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்தபடி நிரஞ்சனி நின்றாள். கேட்கவே கூச்சப்படுகிறவள்போல அவள் குரல் தணிந்திருந்தது.

"டொக்டர்... ஆபரேஷனுக்கு முந்தி அம்மாவுக்கு மயக்க மருந்து குடுப்பீங்கதானே?"

"மூளை செத்திருச்சு டீச்சர். அவங்களுக்கு வலி தெரியாது."

"அது எனக்குத் தெரியும் டொக்டர். அதத்தானே நானே இவ்வளவு நேரம் தொண்டை கிழியச் சொன்னேன்." அவளுக்குக் குரல் உடைந்துவிட்டது. "இருந்தாலும் குடுத்துட்டே செய்யுங்க. கால்ல முள்ளு எடுக்கிறதுக்கே கண்ண இறுக்கி மூடிக்குவாங்க எங்கம்மா."

அம்மா உள்ளேதான் இருக்கிறாள் என்று அவ்வளவு நேரம் கத்திய சசிக்குமார், கதவில் வைத்த கையை எடுக்காமல் நின்றான். அம்மாவுக்கு வலிக்குமே என்று அவனுக்கு ஒரு தரம்கூடத் தோன்றியிருக்கவில்லை.